மார்கழிக் குளிரில் ஒரு மெல்லிய சுருதி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், கர்நாடக எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஓசூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் வாழ்பவர்கள் மார்கழிக் குளிர் என்று சொல்வதற்கும் இங்குள்ளவர்கள் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் விடியற்காலைகள் இங்கே சாதாரணம். சந்திர சூடேஸ்வரர் எழுந்தருளியிருக்கும் குன்று பனிமூட்டத்தில் மறைந்து போக, உச்சியில் எரியும் விளக்கு மட்டும் ஆகாயத்தில் தனித்து மிதப்பது போலத் தோன்றும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பேட்டராய சுவாமியைச் சேவிக்கப் போகிறவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் புறப்படுவார்கள்.

இந்த எல்லைப் பகுதியின் மார்கழிக்கு மூன்று மொழிகள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும். அடுத்த வீட்டில் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனம். எதிர்வீட்டில் இம்மாதத்தைத் தனுர்மாசம் என்றழைக்கும் கன்னடக் குடும்பத்தார் ஹுக்கி எனப்படும் பொங்கலை நிவேதனம் செய்து புரந்தரதாசரின் பதங்களைப் பாடுவர். மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணபிரான் கீதையில் உரைத்ததும், தேவர்களுக்கு இம்மாதம் வைகறைப் பொழுது என்று பெரியோர் கூறியதும் இம்மூன்று வீட்டாருக்கும் பொதுவான செய்திகள்.

மொழியைக் கடந்த வேறொரு பொதுமையும் இவ்வூருக்கு உண்டு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பிறகு, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகளையும் அவற்றைச் சார்ந்த எண்ணற்ற சிறு பட்டறைகளையும் நம்பி வாழும் நகரமாக ஓசூர் மாறியது. ஆலைக்குப் பொழுது மூன்று ஷிப்ட். இரண்டாம் ஷிப்ட் முடித்த தொழிலாளி வீடு வந்து உணவருந்திக் கண்ணயரும்போது நள்ளிரவு கடந்துவிடும். மூன்றாம் ஷிப்டுக்காரர் திரும்பும்போது ஊர் விழித்திருக்கும். அவருக்கு அதுதான் உறங்கும் வேளை. இவர்களுக்கு நடுவே அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும், விடியற்காலையில்தான் சற்றே உறக்கம் பிடிக்கும் முதியோரும் இருக்கிறார்கள்.

இத்தகைய ஊரில் அதிகாலை நாலரை மணிக்கு, தெருமுனைக் கோயிலின் கூம்பு ஒலிபெருக்கி உயிர் பெறுகிறது. ஒரு தெருவில் தொடங்குவது இரண்டாவது தெருவில் வேறொரு பாடலோடு மோதுகிறது. மூன்றாவது தெருவிலிருந்து வருவது இவ்விரண்டையும் மூழ்கடிக்கிறது. முடிவில் எந்தப் பாசுரத்தின் எந்தச் சொல்லும் செவியில் தெளிவாக விழுவதில்லை.

குளிர்காலத்தில் இந்த ஒலி வழக்கத்தைவிட அதிகத் தொலைவு செல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பகற்பொழுதில் நிலத்தை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே உள்ள காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும். அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். மேகமற்ற பனிக்கால இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால், கீழே குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் அமைகின்றன. இந்தத் தலைகீழ் நிலையில் ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையோடு தரையாக ஓடும். முன்னாளில் ஒரு கோயிலின் வைகறை மணியோசை பல காத தூரம் கேட்டதாகப் பாட்டிமார் சொன்னதில் மிகை இருந்தாலும் பொய் இல்லை. மணிக்கு வாய்த்த அதே வசதி இன்று ஒலிபெருக்கிக்கும் வாய்த்திருக்கிறது, துன்பம் அங்கேதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் எல்லை. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் அளித்த தீர்ப்பில் இரவு நேரத் தடையை உறுதி செய்தது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் திருவிழாக் காலங்களில் அரசு அளிக்கக்கூடிய தளர்வும் இரவு 10 மணியிலிருந்து நள்ளிரவு வரைக்குத்தான், விடியற்காலைக்கு அல்ல. ஆயினும் காவல் நிலையத்துக்குப் போய்க் கோயிலின் மீது புகார் கொடுக்க எந்தக் குடும்பத்துக்கும் மனம் வராது. வரவும் வேண்டாம். ஒலிபெருக்கியைக் கட்டுகிறவரின் பக்தியில் குறை காண முடியாது. பனியில் எழுந்து, நீராடி, கோயிலைத் திறந்து வைப்பவரும் பெரும்பாலும் அவர்தான். மார்கழியில் ஊர் ஒலியின்றிக் கிடக்க வேண்டும் என்று விரும்புகிறவர் யாரும் இல்லை. எத்தகைய ஒலி வேண்டும் என்பதே கேள்வி.

ஒலிபெருக்கி வருமுன் மார்கழி எப்படி ஒலித்தது என்பதற்குச் சென்னை மயிலாப்பூர் நல்ல சான்று. பாபநாசம் சிவன் அவர்கள் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் மார்கழி விடியலில் பஜனை நடத்திப் பாடிக்கொண்டு வருவார். குளிரில் நடந்து வரும் குழுவின் ஒலி மெல்ல நெருங்கும், வாசலைக் கடக்கும், மெல்ல அகன்று போகும். விழித்தவர் கேட்பர், உறங்குபவர் உறங்குவர். தம்பூராவும் சிப்ளாக்கட்டையும் போதுமானவையாக இருந்தன. பின்னர், 1950ஆம் ஆண்டையொட்டி, காஞ்சி மகாசுவாமிகள் திருப்பாவையையும் திருவெம்பாவையையும் ஊர்தோறும் பரப்பும் பணிக்கு ஊக்கமளித்தார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் இராகம் அமைத்தார். முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கன இராகங்களை வரிசையாக வைத்தது, தியாகையரின் பஞ்சரத்தினத்தை அறிந்தவர்களுக்கு உடனே புரியும் நயம். எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அவை இசைத்தட்டாகி வீடு வீடாகச் சென்றன. அத்தனையும் பாடுவதற்காகச் செய்யப்பட்டவை. இசைத்தட்டு வந்தது பாடக் கற்றுக்கொள்வதற்கு. பாடும் பொறுப்பிலிருந்து விடுபடுவதற்கு அன்று.

இனி இக்காலத்து இளைஞர் பக்கம் பார்ப்போம். பெங்களூருவுக்குப் பணிக்குச் செல்வோரும் ஆலைகளில் பொறியாளராக இருப்போரும் நிறைந்த ஓசூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பனிக்காலத்து அதிகாலையிலும் பின்னிரவிலும் பிள்ளைகள் காதணியைப் பொருத்திக்கொண்டு ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பெற்றோர் காண்கின்றனர். எட்டிக் கேட்டால் பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. நீண்டு கிடக்கும் ஒரு மின்னணு ஒலி. 'ஆம்பியன்ட்' என்றும் 'நியூ ஏஜ்' என்றும் அதற்குப் பெயர் சொல்கிறார்கள். தமிழில் சூழலிசை எனலாம். குளிர்கால இசை என்று மேனாட்டார் இதைத் தனியே தொகுத்துக் கேட்பதும் உண்டு. அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடும் பெற்றோர், இதன் பிறப்பைச் சற்றே அறிந்துகொண்டால் வியப்படைவர்.

இப்பெயரை நிலைநாட்டியவர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசையாளர். 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் யாழ் போன்ற ஹார்ப் இசைத்தட்டு ஒன்றை அளித்துச் சென்றார். சிரமப்பட்டு எழுந்து அதைச் சுழலவிட்டுப் படுத்த பிறகுதான், ஒலி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. மீண்டும் எழத் தெம்பில்லை. வெளியே பெய்த மழையின் ஓசையோடு அந்த இசை, கேட்டும் கேளாமலும் கலந்து வந்தது. இசை என்பது அறையின் வெளிச்சத்தைப் போல, மழையின் ஓசையைப் போலச் சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே உதித்தது. 1978இல் விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். உற்றுக் கேட்டாலும் சுவை தர வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது என்பது அவர் வகுத்த இலக்கணம்.

கூடத்தின் மூலையில் தம்பூராவை மீட்டிக்கொண்டு ஒருவர் அமர்ந்திருந்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதாகத் தோன்றாது.

உறவு இந்த ஒப்புமையோடு நிற்கவில்லை. 1946இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரிடம் மேலை இசை பயின்றார். கட்டணத்துக்கு மாற்றாக இந்திய இசையை அவருக்குக் கற்பித்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனத்தைத் தணித்து அமைதிப்படுத்தி, இறையருளை ஏற்கும் நிலைக்கு அதைக் கொண்டு வருவதற்கு என்று தம் குருவின் விளக்கத்தை எடுத்துரைத்தார். மேலை இசையின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவரான கேஜ், அந்த விடையை வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். 1969இல் கேஜின் சகாவான டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மூக் எனப்படும் மின்னணு இசைக்கருவியை நிறுவினார். இந்தியாவில் மின்னணு இசைக்கென அமைந்த முதற் கூடங்களுள் அது ஒன்று. அங்கே பதிவான நாடாக்கள் பல்லாண்டு அலமாரியில் உறங்கிக் கிடந்து, 2023இல் தொகுப்பாக வெளிவந்தன.

தமிழ்நாட்டாருக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. கோவை மாவட்டத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர் சுவாமி சச்சிதானந்தா. பத்தமடை தந்த சுவாமி சிவானந்தரின் சீடர். 1966இல் அமெரிக்கா சென்றவர், 1969 ஆகஸ்டில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடிய உட்ஸ்டாக் இசைவிழாவைத் தம் அருளுரையால் தொடங்கி வைத்தார். அவரை நாடி வந்தவர்களுள் ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற கறுப்பினப் பெண்மணியும் ஒருவர். ஜாஸ் இசையில் பியானோவும் ஹார்ப்பும் வாசிப்பதில் வல்லவர். புகழ்பெற்ற கலைஞரான கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் மறைந்தபின், நான்கு குழந்தைகளுடன், உறக்கமும் உணவும் குன்றி, பெருந்துயரில் இருந்தார். சுவாமிகளின் வழிகாட்டலில் மனம் தேறி, 1970இல் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்து அதற்கு அவர் பெயரையே சூட்டினார். அதன் தலைப்புப் பாடலில் அடிநாதமாக ஒலிப்பது தம்பூரா. பின்னாளில் சந்நியாசம் ஏற்றுத் துரியசங்கீதானந்தா என்ற பெயரோடு கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்தார். மின்னணு சிந்தசைசரையும் ஆர்கனையும் தாமே வாசித்து, வடமொழி நாமாவளிகளைத் தாழ்ந்த குரலில் பாடி, 1982 முதல் ஒலிநாடாக்களாக வெளியிட்டார். அவை முதன்மையாக ஆசிரமத்து அன்பர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவர் 2007இல் காலமானார். பத்தாண்டுகள் கழித்து அந்தப் பதிவுகள் தொகுக்கப்பட்டபோதுதான் வெளியுலகம் பெருமளவில் அவற்றைக் கேட்டது. சூழலிசையையும் நியூ ஏஜ் இசையையும் விரும்பும் இளைஞர்கள் இன்று அவற்றைப் போற்றிக் கேட்கிறார்கள். வீட்டுப் பிள்ளையின் காதணியில் ஒலிப்பது ராம நாமமாகவும் இருக்கக்கூடும்.

தம்பூராவுக்கு இப்படி ஒரு ஈர்ப்பு எங்கிருந்து வந்தது? பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என நான்கு தந்திகள். விரல் அவற்றைத் தொட்டு நகர்வதைத் தவிர வேறு வாசிப்பு இல்லை. மர்மம் குதிரையில் இருக்கிறது. வேறு பல கருவிகளின் குதிரை கூரிய விளிம்புடையது. தம்பூராவின் குதிரையோ அகன்று, மெல்ல வளைந்திருக்கும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர், பொருத்தமான பெயர். இழை சரியான இடத்துக்கு வந்ததும், அதுவரை மந்தமாக ஒலித்த தந்தி திடீரென்று ரீங்கரிக்கும். ஒரே தந்தியிலிருந்து பல நுண்சுரங்கள் அலையலையாக எழும். சர் சி.வி. இராமன், நோபல் பரிசு பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இக்கருவியை ஆராய்ந்து 1921இல் கட்டுரை எழுதினார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியை அசையாக் கணுவாகக் கொண்ட நுண்சுரங்கள் எழக் கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த விதி. தம்பூராவிலும் வீணையிலும் அவை எழவே செய்கின்றன என்றும், வளைந்த குதிரையே அதற்குக் காரணம் என்றும் இராமன் காட்டினார். பெயரறியாத நம் தச்சர்கள் செய்து வைத்த அமைப்பு அது.

ஆனால் தம்பூரா குளிருக்கு அஞ்சும் கருவி. விடியற்காலைக் குளிரில் உலோகத் தந்தி சுருங்கும். பனியின் ஈரத்தை மரம் உறிஞ்சும். வெயில் ஏறினால் எல்லாம் மாறும். ஓசூர்க் குளிரில் நாலரை மணிக்குச் சுருதி சேர்த்து, ஆறு மணிக்குள் இரண்டு முறையாவது பிருடையைத் திருக வேண்டியிருக்கும். உறையிலிருந்து எடுத்து, துடைத்து, சுருதி கூட்டுவதற்குள் பூஜை வேளை கடந்துவிடுகிறது என்பதே பல வீடுகளில் தம்பூரா சுவரோடு சாய்ந்து போனதற்குக் காரணம். பெரிய குடத்தைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறுவதும் எளிதன்று.

இந்தச் சங்கடத்துக்கு விடை பிறந்த இடம் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரு. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண், மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கி, 1979இல் ரேடெல் நிறுவனத்தைத் தொடங்கினார். கைக்கு அடக்கமான அந்தப் பெட்டி வெயிலுக்கும் பனிக்கும் சுருதி மாறாது. தொடக்க காலப் பெட்டிகளின் நாதத்தில் சற்றே வண்டின் முரல்வு இருந்தது என்பதை இசைவாணர்கள் சொல்வார்கள். பின்னர் வந்தவை தம்பூராவின் நாதத்துக்கு மிக அருகில் நெருங்கின. இன்று கைப்பேசிச் செயலியாகவும் அது கிடைக்கிறது. அவசரத்துக்குச் செயலி உதவும் என்றாலும், கைப்பேசியின் சிறிய ஒலிவாய் மந்தரத்தின் ஆழத்தைத் தராது. பூஜையின் நடுவே அழைப்பு மணி அடிக்கும் என்பதும் ஒரு குறை.

இந்தப் பெட்டியால் நேர்ந்த இழப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. நாகஸ்வரக் குழுவில் ஒத்து என்றொரு கருவி உண்டு. துளைகளை விரலால் மூடித் திறந்து சுரம் பிரிக்கும் வேலை அதில் இல்லை. ஒரே சுருதியை இடைவிடாமல் ஊத வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போதும் ஒலி அறுபடாதிருக்க, கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதும் பயிற்சி தேவை. பெரும்பாலும் அந்த இடத்தில் அமர்பவன் சிறுவனாகவோ, பயிற்சியில் இருக்கும் இளைஞனாகவோ இருப்பான். மணிக்கணக்கில் குருவின் அருகில் அமர்ந்து ஒத்து ஊதியவனுக்கு, கற்பிக்காமலே இராகங்கள் உள்ளே இறங்கும். கச்சேரி மேடையில் பின்னால் அமர்ந்து தம்பூரா மீட்டிய சீடர்களும் அப்படிக் கற்றவர்களே. இன்று பெரும்பாலான நாகஸ்வரக் குழுக்களில் ஒத்துக்காரரின் இடத்தில் பெட்டி இருக்கிறது. ஒரு கூலி மிச்சம். ஒரு மாணவன் குறைவு. பல கோயில்களில் நித்திய பூஜைக்கே நாகஸ்வரம் இல்லாது போன நிலையில், பெட்டியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்றாலும், காலியான அந்த இருக்கையை எந்தக் கருவியும் நிரப்பவில்லை.

இதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. சிறிய கோயில்கள் பலவற்றில் மின்விசையால் இயங்கும் மேளப்பொறி வந்துவிட்டது. பித்தானை அழுத்தினால் முரசும் மணியும் தாமாகவே அடித்துக்கொள்ளும். தீபாராதனை நேரத்தில் காதைப் பிளக்கும் அந்த ஓசையில், அர்ச்சகர் சொல்லும் மந்திரம் அவருக்கே கேட்காது. வீடுகளுக்கு வந்திருப்பது மந்திரப் பெட்டி. சுவரிலுள்ள பிளக்கில் செருகினால், ஒரே நாமத்தையோ மந்திரத்தையோ நாள் முழுதும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். சீனத்திலும் பௌத்த ஆலயங்களில் இத்தகைய பெட்டிகள் விற்கப்படுகின்றன. அவற்றைக் கண்டு, 2005இல் எஃப்.எம். 3 என்ற இருவர் குழு, ஒன்பது சிறு இசைத்துணுக்குகள் முடிவின்றிச் சுழலும் 'புத்தா மெஷின்' என்ற பெட்டியைச் செய்ய, சூழலிசை அன்பர்கள் உலகெங்கும் விரும்பி வாங்கினார்கள். ஆலயத்துப் பெட்டி மேலைநாட்டில் கலைப்பொருளாயிற்று!

மந்திரப் பெட்டி வைத்திருப்போரைப் பழிப்பதற்கில்லை. தனித்து வாழும் முதியவருக்கும் நோய்ப்படுக்கையில் இருப்பவருக்கும் அது உற்ற துணை. ஆனால் திடமான குரலுள்ள நால்வர் வாழும் வீட்டில் அதற்கு என்ன வேலை? மேளப்பொறி மேளக்காரருக்குப் பதிலாக அடிக்கிறது. மந்திரப் பெட்டி வீட்டாருக்குப் பதிலாகச் சொல்கிறது. ஒலிபெருக்கி தெருவுக்கே பதிலாகப் பாடுகிறது. சுருதிப் பெட்டி யாருக்குப் பதிலாகவும் பாடுவதில்லை. அது சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் விரித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. அரைமணி நேரம் யாரும் பாடாவிட்டாலும் அறையில் ஓர் அமைதி நிறையும். குளிர்காலக் காலையில் மேனாட்டு இளைஞர் தேடும் சூழலிசை அந்த அமைதிதான். யாரேனும் வாய் திறந்தால், அந்த ஒலி உடனே குரலுக்கு அடியில் தரையாகி நிற்கும். பிள்ளை காதணியைக் கழற்றிவிட்டுப் பூஜையறைக்கு வர வேண்டுமென்றால், அங்கே அவனுக்கு இடம் விட்டு ஒலிக்கும் இசை இருக்க வேண்டும். உச்சக்கட்டத்தில் அலறும் நாடா அந்த இடத்தை விடாது.

நடைமுறைக்குச் சில குறிப்புகள். பெண்களின் குரலுக்குப் பொதுவாக 5 முதல் 6 கட்டையும், ஆண்களின் குரலுக்கு 1 முதல் 2 கட்டையும் ஒத்துவரும். விடியற்காலையில், அதுவும் குளிரில், குரல் தடித்திருக்கும். வழக்கமான சுருதியிலிருந்து அரைக்கட்டை குறைத்துத் தொடங்கி, நாலைந்து பாசுரங்களுக்குப் பின் உயர்த்திக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து பாடும் வீடுகளில் ஒருவர் சிரமப்பட வேண்டியே வரும். ஒருவர் ஒரு பாசுரம் என மாறி மாறிச் சுருதி வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போன்ற பஞ்சமமில்லாத இராகங்கள் பாடும்போது பெட்டியை மத்திமத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றத் தவறினால் பாடுபவருக்கே உறுத்தும். அதிகாலைக்குப் பூபாளமும் பௌளியும் மலயமாருதமும் மரபில் வந்தவை. தேவாரப் பண்களில் புறநீர்மை பூபாளத்தோடு ஒப்பிடப்படுவது.

ஒலியின் அளவுக்கு எளிய சோதனை உண்டு. பூஜையறையில் விளக்கேற்றும் தீக்குச்சியின் உரசல் பெட்டியின் ஒலிக்கு மேலே கேட்க வேண்டும். கதவைச் சாத்தினால் அடுத்த அறையில் உறங்குபவருக்குக் கேட்கக் கூடாது. இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கும் மகனின் உறக்கம் கலையாமலே முப்பது பாசுரங்களையும் பாடி முடிக்கலாம். தெருமுனைக் கோயிலிலும் இதே முறை இயலாததன்று. ஆறு மணி வரை ஒலிபெருக்கியை அணைத்து வைத்து, சந்நிதிக்குள் சுருதிப் பெட்டியை மட்டும் இயக்கி, வந்திருக்கும் பத்துப் பேரும் சேர்ந்து பாடினால், தலைகீழாய் வளையும் அந்தப் பனிக்காற்றே இரண்டு தெருவுக்கு அதைக் கொண்டு சேர்க்கும்.

வீட்டில் பாட்டி காலத்துத் தம்பூரா இருக்குமானால், அதை உறையிலிருந்து எடுப்பதற்கும் பெட்டியே உதவும். தந்தி நான்கையும் புதிதாக மாற்றி, பெட்டியை ஒலிக்கவிட்டு, முதலில் நடுத்தந்திகள் இரண்டையும் அதன் சட்ஜமத்தோடு சேர்க்க வேண்டும். தந்தியும் பெட்டியும் சேராதவரை ஒலியில் ஓர் அதிர்வு துடித்துக்கொண்டிருக்கும். நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகும். சேர்ந்த கணத்தில் அடங்கிவிடும். எட்டு வயதுக் குழந்தைக்கும் இது காதில் பிடிபடும். பிறகு பஞ்சமம், அதன்பின் மந்தரம். கடைசியாக ஜீவா இழையை நகர்த்தும் வேலையைக் குழந்தையிடமே விட்டுவிடலாம். பருத்தி நூலே போதும். பட்டிழையானால் நாதம் சற்றுக் கூர்மையாக வரும்.